லைனில் நின்ற நீலக் குடம்

எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பம் மொத்தமும் பிழைத்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வார்த்தை லைன்.

அப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில் அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘லைன்மேன் குடும்பத்தார்’ என்று எழுதித்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்துக்காரர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட சின்னச் சின்ன வீடுகளுக்கு அங்கே லைன் என்று பெயர். தங்கவயல்காரர் இரண்டு பேர் எந்த ஊர் பஸ்ஸில் சந்தித்துக்கொண்டாலும் பெயரைக் கேட்க மாட்டார்கள், “நீ எந்த லைனு?” என்றுதான் கேட்பார்கள். பதில் வந்துவிட்டால் போதும், தாத்தா பெயர், மாமன் பெயர், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்பது வரைக்கும் தானாக வந்துவிடும்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். கார்மென்ட்ஸில் தையல் வேலை. அங்கே வரிசையாகப் போட்டிருக்கும் மிஷின்களும் லைன்தான். ஒருத்தி காலர் தைப்பாள், அடுத்தவள் கை வைப்பாள், அதற்கடுத்தவள் பொத்தான் துளை போடுவாள். இந்தக் கோடியில் துணியாக நுழைந்தது அந்தக் கோடியில் சட்டையாக வெளியே வரும். “எங்க லைன்ல இன்னிக்கு காலர் நின்னுபோச்சுக்கா, எல்லாரும் கைய கட்டினு உக்காந்திருந்தோம்” என்று சித்தி சொன்னால், ஏதோ ரயில் நின்றுபோனதுபோல நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால் லைன் கிடைக்காது. கிடைத்தால் நடுவில் வேறு யாரோ இரண்டு பேர் மாடு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் இழுத்துக்கொண்டு போகிற கேபிள்காரன் லைன் கொடுப்பான், கோபம் வந்தால் லைனைப் பிடுங்குவான். அவனே பஸ் ஸ்டாப்பில் நின்று தலையைத் தலையைச் சீவினால் அதற்கும் லைன் என்றுதான் பெயர், ஆனால் அந்த லைனை எங்கள் வீட்டில் உச்சரிக்கக் கூடாது. முரண்டு பிடித்தவன் இறங்கி வந்தால் ‘லைனுக்கு வந்துட்டான்’. கைவராத தொழில் என்றால் ‘அது நம்ம லைன் இல்லப்பா’. “வெள்ளக்காரன் போகும்போது இந்த ஒரு வார்த்தைய மறந்து வெச்சிட்டுப் போயிட்டான். அதையும் எடுத்துனு போயிருந்தா நம்ம எல்லாம் ஊமதான்” என்று சித்தி சிரிப்பாள்.

இத்தனை லைனிலும் எனக்கென்று ஒன்று இருந்தது. தண்ணீர் லைன்.

எங்கள் சந்துக்கு ஒரே குழாய். நல்லி என்போம், கன்னட வார்த்தை, எங்கள் நாக்கில் தமிழாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் வரும். முந்தின நாள் சாயங்காலமே குடங்களைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. அம்மாவின் பச்சைக் குடம், சித்தியின் நீலக் குடம்.

அந்த நீலக் குடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல ஆகாய நீலம். சித்தி தங்கவயலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது துணிமணிகளை அதற்குள் அடைத்துத்தான் கொண்டுவந்தாளாம். ஒருமுறை நான் அதைப் படியில் போட்டு உருட்டியதில் வயிற்றில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது. சித்தி என்னைத் திட்டவில்லை. கரண்டிக் காம்பை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிசல்மேல் இழுத்து, பிளாஸ்டிக்கை உருக்கி அடைத்தாள். அடைபட்டது, ஆனால் முழுக்க இல்லை. நூல்போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் வருகிற நாட்களில் சித்தியின் புடவை இடுப்புப் பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். “குளிக்காமலே பாதி குளிச்சாச்சு” என்பாள்.

அப்பாவின் பையில் கறுப்பு டேப் இருந்தது. ஒயரில் சுற்றுகிற டேப், தண்ணீரில் போட்டாலும் விடாது. அதில் ஒரு சுற்று சுற்றியிருந்தால் கசிவு நின்றிருக்கும். ஆனால் அப்பா தரமாட்டார். “அது கம்பெனி டேப்பு. வீட்டுக்கு இல்ல” என்பார். என் ஸ்கூல் பை வார் அறுந்தபோதும் அதே பதில்தான். அம்மா ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். கம்பெனி விஷயத்தில் அப்பா அரிச்சந்திரனுக்கு அண்ணன்.

தண்ணீர் லைனுக்குச் சட்டம் எழுதியவரும் அப்பாதான். நான் அப்போதுதான் ஸ்கூலில் சேர்ந்திருந்தேன். எதிர்வீட்டு அத்தைக்கும், கோடி வீட்டில் உருது பேசுகிற, நாங்கள் பாபி என்று கூப்பிடுகிற அண்ணிக்கும் ஒரு நாள் குழாயடியில் பெரிய சண்டை. எதிர்வீட்டு அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் சந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் அத்தைதான். வாய் திறந்தால் அல்சூர் ஏரி வரை கேட்கும். “நல்லிகிட்ட ஜெயிச்சவ நாலு ஊர ஜெயிப்பா” என்பது அவளுடைய சொந்தப் பழமொழி. அவள் குடத்தை பாபி தள்ளினாளோ, பாபி குடத்தை இவள் தள்ளினாளோ, குடம் ஒன்று உடைந்துபோயிற்று. சந்து முனைக் கம்பத்தின்மேல் வேலை செய்துகொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கி வந்தார். இடுப்பில் பெல்ட், தோளில் கயிறு, கையில் கட்டிங் பிளேயர். பார்க்க ஏதோ ஐயனார் இறங்கி வந்த மாதிரி இருந்தது.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. லைன்ல கொடம் நின்னா ஆளு நின்ன மாதிரி. ஆளப் புடிச்சித் தள்ளுவீங்களா? அப்ப கொடத்தையும் தள்ளாதீங்க. அவங்கவங்க வீட்டுக் கொடத்த அவங்கவங்க வீட்டு ஆளு மட்டுந்தான் தொடணும். தண்ணி எடுக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொடம், ஒரு எடம். அந்த எடம் அவங்களுதுதான். வெக்காம விட்டுட்டா எடம் போச்சு, கடைசில போயி நிக்கணும்.”

இரண்டு பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சந்தின் சட்டம். குடங்கள் ராத்திரி முழுக்க ஆளில்லாமல் நிற்கும்; ஒரு நாயும் உருட்டாது. என் குழந்தை மனசில் அந்தக் குடங்கள் குடங்களே இல்லை. பச்சை என்றால் அம்மா, நீலம் என்றால் சித்தி, வாய் நசுங்கிய அலுமினியக் குடம் எதிர்வீட்டு அத்தை. எல்லோரும் இருட்டில் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன சித்தி திரும்பி வரவில்லை.

வீட்டில் அழுகை, குசுகுசுப்பு, யார் யாரோ வந்து போனார்கள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டு, “சித்தி கோலாருக்குப் போயிருக்கா. அவளப் பத்தி இனிமே இந்த வீட்ல பேசக் கூடாது” என்றார். கோலாருக்குப் போனவளைப் பற்றி ஏன் பேசக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அப்பாவின் முகம் கேள்வி கேட்கிற மாதிரி இல்லை.

பிறகு தெரிந்த கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்தியின் ஃபாக்டரியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இருந்தார். கன்னடக்காரர். சில வருஷம் முன்னால் காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலாட்டா நடந்தபோது, ஃபாக்டரி வேன் ஓடாத அந்த நாளில், சித்தியையும் எதிர்வீட்டு அத்தையின் மகளையும் சந்து சந்தாக நடத்திக் கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டவர் அவர்தான். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் தானே பேசிக்கொள்கிறேன், நீங்கள் இருவரும் வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிவந்தாராம். அப்பா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதரே பின்னால் ஒரு நாள் பெரியவர் ஒருவரை அனுப்பிச் சித்தியைப் பெண் கேட்டார். “டீ குடுக்கறது வேற, பொண்ணு குடுக்கறது வேற” என்று அப்பா சொல்லிவிட்டார். மொழி, ஜாதி என்று காரணங்கள் நிறைய அடுக்கினார்களாம். சித்தி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாளைக்குத் தண்ணீர் வரும், இன்று சாயங்காலம் குடம் வைக்க வேண்டும் என்பதுதான். நீலக் குடத்தை அம்மா கதவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தாள். குடம் வைக்காவிட்டால் இடம் போய்விடுமே! கோலாரிலிருந்து திரும்பி வருகிற சித்தி கடைசியில் அல்லவா நிற்க வேண்டும், வேனைத் தவறவிடுவாளே! நான் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பச்சைக்குப் பின்னால் நீலத்தை வைத்தேன்.

எதிர்வீட்டு அத்தை அப்போதுதான் தன் அலுமினியக் குடத்தோடு வந்தாள். நீலக் குடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இது யார் கொடம்டி?”

“சித்தி கொடம் அத்தே.”

“ஒன் சித்தி எங்க?”

“கோலாருக்குப் போயிருக்கா.”

அத்தை வாயைத் திறந்தாள். அந்த வாய் திறந்தபின் ஒன்றும் சொல்லாமல் மூடியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சரி, நேரா வெய்யி. லைன் கோணலா இருக்குது பாரு” என்றாள்.

நேராக வைத்தேன்.

விடியற்காலை அம்மாவோடு போனபோது, அம்மா நீலக் குடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். சுற்றி இருந்த பெண்கள் அம்மாவைப் பார்த்தார்கள். சந்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஆளில்லாத குடத்துக்கு எதற்கு இடம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சட்டப்படி அது சரியான கேள்விதான். ஒரு குடம் தண்ணீருக்கு ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடிக்கிற இடம் அது. யாரும் கேட்கவில்லை. பச்சைக் குடம் நிறைந்தது. அடுத்து நீலம். அம்மா கையை நீட்டவில்லை. பாபிதான் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் பைப்பை எடுத்து நீலக் குடத்தின் வாயில் விட்டாள். குடத்தைத் தொடவில்லை, பைப்பை மட்டும் விட்டாள். சட்டம் சட்டம்தானே.

குடம் நிறைந்ததும் அம்மா குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேர்வதற்குள் அவள் புடவையும் இடுப்புப் பக்கம் நனைந்துவிட்டது.

அந்தத் தண்ணீரை அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அப்பா குளிக்கிற பித்தளை அண்டாவில் ஊற்றினாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. பேரைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டவர், சித்தி குடத்துத் தண்ணீரில்தான் சோப்பு போட்டுக் குளித்து, விபூதி பூசி, ராத்திரியானால் கம்பம் ஏறப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பெரும்பாலும் ராத்திரி டூட்டி; குழாயடிப் பக்கம் வருவதேயில்லை.

வந்தார் ஒரு நாள். டூட்டி சீக்கிரம் முடிந்ததோ என்னவோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருகிற நேரத்துக்குச் சரியாக வந்து நின்றார். நீலக் குடம் மூன்றாவதோ நாலாவதோ நின்றுகொண்டிருந்தது.

“இத யாரு வெச்சது?”

“நான்தாம்பா” என்றேன். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேனோ என்னவோ, குரலில் பெருமைகூட இருந்தது.

அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். குனிந்து குடத்தின் கழுத்தில் கையை வைத்தார்.

“அண்ணா, கைய எடுங்க” என்றாள் எதிர்வீட்டு அத்தை.

“இது என் வீட்டுக் கொடம்மா.”

“யாரு கொடம்னு எங்களுக்கும் தெரியும். லைன்ல நிக்கற கொடத்த அந்த வீட்டு ஆளு மட்டுந்தான் தொடணும்னு சொன்னது யாரு, நாங்களா? நீங்கதான் கம்பத்துலேருந்து எறங்கி வந்து சொன்னீங்க. இந்தக் கொடத்துக்காரி உங்க வீட்டு ஆளுன்னா, தாராளமா எடுத்துனு போங்க. நாங்க ஏன் கேக்கப்போறோம்? உங்க வீட்டு ஆளு இல்லன்னா, எவளோ ஒருத்தி கொடம். அதுல உங்களுக்கு என்னா வேல?”

அப்பாவின் கை குடத்தின் மேலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

“வராத ஆளுக்கு எதுக்கு எடம்?” என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

“வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“நக்கோ அண்ணா, வேணாம், காலங்காத்தால எதுக்கு கலாட்டா? சும்னே இருங்க” என்று பாபி பைப்பை உதறினாள். அத்தையும் பாபியும் ஒரு பக்கமாகச் சேர்ந்து பேசியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அப்பா கையை எடுத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கம்பத்தின் மேலிருந்து ஊருக்கே வெளிச்சம் கொடுக்கிற மனிதர் அன்று சந்தில் இருட்டோடு இருட்டாக ஒண்டிப் போனார்.

வீட்டில் அம்மா வழக்கம்போல அண்டாவில் தண்ணீரை ஊற்றினாள். அப்பா சொம்பை எடுத்தவர், கீழே வைத்தார்.

“இது எந்தக் கொடத்துத் தண்ணி?”

அம்மா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். “தண்ணிமேல பேரா எழுதியிருக்குது? நீரடிச்சு நீர் வெலகுமா?” என்றாள். பாத்திரம் கொஞ்சம் பலமாகச் சத்தம் போட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சொம்பால் மொண்டு ஊற்றுகிற ஓசை கேட்டது.

இது நடந்து சில வாரங்கள் இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நல்ல காய்ச்சல், ஸ்கூலுக்கும் போகவில்லை, பாயை விட்டும் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலில்கூட எனக்கு ஒரே கவலைதான். குடம், குடம் என்று பிதற்றிக்கொண்டே இருந்தேனாம். அம்மா நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு, “கொடம் எங்கயும் போகாது, தூங்கு” என்பாள். அம்மாவை நான் நம்பவில்லை. கதவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தவள் ஆயிற்றே.

உடம்பு தேறி எழுந்த அன்று விடியற்காலையில், கால் தள்ளாட, குழாயடிக்கு ஓடினேன். நீலக் குடம் அதன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பச்சைக்குப் பின்னால், நேராக, ஒரு விரற்கடைகூட நகராமல். அதுமட்டுமில்லை. அதன் வயிற்றைச் சுற்றிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுற்றின்மேல் சுற்று, ஒரு சுருக்கம் இல்லாமல், பாதிக்குப் பாதி ஏறி, ஒயரில் சுற்றுவதுபோல அவ்வளவு அழகாக.

“அம்மா, நான் படுத்திருந்தப்போ இத யாரு வெச்சது?”

“கொடத்துக்குக் காலு மொளச்சி தானே நடந்து வந்திருக்கும்” என்றாள் அம்மா. முகத்தில் ஒரு சிரிப்பு. சித்தி போனபின் நான் பார்க்காத சிரிப்பு. எதிர்வீட்டு அத்தைதான் வைத்திருப்பாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். டேப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. குடம் கசியவில்லை, எனக்கு அது போதும்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மேகம் மூடி, விடிந்ததா இல்லையா என்று தெரியாத ஒரு காலை. நானும் அம்மாவும் குழாயடிக்குப் போனால், நீலக் குடத்துக்குப் பின்னால் சித்தி நிற்கிறாள்.

கழுத்தில் கார்மென்ட்ஸ் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். நேற்றும் நின்றவள்போல, முந்தாநாளும் நின்றவள்போல, வேலைக்குப் போகிற வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கிறாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பாபி, “இன்னிக்கு ஃபோர்ஸு கம்மி” என்று தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அத்தை மட்டும் யாரையோ ஜெயித்துவிட்ட தோரணையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் மகளும் அதே கார்மென்ட்ஸில், சித்திக்குப் பக்கத்து லைனில்தான் வேலை செய்தாள் என்பதும், ‘உன் கொடம் இன்னும் லைன்லதான் நிக்குது’ என்ற சேதி ஒவ்வொரு தண்ணீர் நாளும் அந்த மிஷின்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

“சித்தி!” என்று கத்திக்கொண்டு போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “உன் எடம் அப்படியே இருக்குது பாரு. நான் விடவே இல்ல.”

சித்தி என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். “எளச்சிட்ட” என்றாள் அம்மா. “நீதாங்கா எளச்சிருக்க” என்றாள் சித்தி. அவ்வளவுதான்.

நீலக் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது.

அப்பா. ராத்திரி டூட்டி முடிந்து, பை தோளில் தொங்க, கண் சிவந்து வந்துகொண்டிருந்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் குடத்தின் கழுத்தை விடவில்லை. அப்பா சைக்கிளை நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டார். சித்தியின் கழுத்தில் தொங்குகிற அட்டையையும், அதன் பக்கத்தில் இருந்த மஞ்சள் கயிற்றையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“வேன் எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

சித்தி தலை நிமிராமலே சொன்னாள். “இன்னும் நேரம் இருக்குது மாமா.”

“அப்ப என்னாத்துக்கு இங்கயே நிக்கற? வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போ.”

சொல்லிவிட்டு அப்பா குனிந்தார். எங்கள் சந்தில் ஆண்கள் தண்ணீர்க் குடம் தூக்கியதே கிடையாது. அவர் நீலக் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“அண்ணா” என்றாள் எதிர்வீட்டு அத்தை. “அது யாரு வீட்டுக் கொடம்னு தெரிஞ்சிதான் தொடறீங்களா?”

“தெரியும், தெரியும். நீ ஒன் கொடத்தப் பாரு” என்றார் அப்பா.

பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பாபி சிரித்துக்கொண்டே முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சிரித்தால் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் லைனே தனி என்று நினைத்துக்கொண்டு அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டில் அப்பா குடத்தை அடுப்படியில் இறக்கி வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “ஞாயித்துக்கெழம அந்தாளையும் கூட்டினு வா. டீ குடிக்கத்தான்” என்றார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

அம்மா தோசைக்கல்லைப் போட்டாள். சித்தி குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை பழக்கத்தில் குடத்தின் வயிற்றுக்குப் போயிற்று, கசிவைத் துடைக்க. அங்கே ஈரம் இல்லை. விரல்கள் கறுப்பு டேப்பின்மேல் நின்றன. ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு சுற்று என்று மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. ஆணியில் சட்டைக்குப் பக்கத்தில் அப்பாவின் பை தொங்கிக்கொண்டிருந்தது. பாதி தீர்ந்த டேப் உருளை அதன் வாயில் எட்டிப் பார்த்தது.

சித்தி பையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

ஆசைக் குடத்தில் அசிங்கமாகக் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டார்களே என்றுதான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

“அழாத சித்தி. கம்பெனி டேப்பு. தண்ணில போட்டாலும் விடாது” என்றேன்.

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். கசியாத குடத்துக்கு எதற்கு இந்த அழுகை என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தோசையைத் திருப்ப மறந்து நின்றுகொண்டிருந்தாள்.